மயக்க வாயுவா, மயக்க ஊசியா? உறுப்புக் காயம், அழற்சி பற்றிய ஆய்வுகளை எப்படிப் படிப்பது

களியக்காவிளை, பளுகல், கொல்லங்கோடு பக்கத்துக் குடும்பங்கள் பெரிய ஆபரேஷன் என்றால் பாறசாலை தாண்டித் திருவனந்தபுரம் போவதும், செங்கோட்டைக்காரர்கள் புனலூர் வழியாகக் கொல்லம் போவதும் பழைய வழக்கம். மயக்க மருத்துவரைப் பார்க்கும் நாளில் "கேஸா டாக்டர், ஊசியா? கேஸ் நுரையீரலுக்கு ஆகாதுன்னு வந்திருக்கே" என்று கேட்பவர்கள் உண்டு. அதே கைப்பேசியில் "இதயத்தைக் காக்கும் மயக்க வாயு" என்ற செய்தியும் கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு செய்திக்கும் அடியில் இருப்பது ஒரே மருந்து: செவோஃப்ளூரேன்.

இரண்டுமே பொய்ச் செய்தி அல்ல. இரண்டும் நல்ல ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஆனால் எந்த நோயாளி, எத்தனை மணி நேரம், எதை அளந்தார்கள் என்ற மூன்று விவரங்களும் வழியில் உதிர்ந்துவிட்டன. அவற்றை மறுபடி சேர்த்துப் பார்க்க முதலில் அடிப்படை வேண்டும்.

என்னென்ன மருந்துகள்

முழு மயக்கத்தில் நோயாளியைத் தூக்க நிலையிலேயே வைத்திருக்க இரண்டு வழிகள் உண்டு.

1. சுவாசத்தின் வழி: செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன். இவை திரவங்கள், வேப்பரைசர் என்ற கருவியில் ஆவியாகி ஆக்சிஜனுடன் நுரையீரலுக்குப் போகின்றன. கத்தி பட்டால் பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவையான அளவை ‘மேக்’ என்பார்கள். நடுவயதினருக்கு அது செவோஃப்ளூரேனில் ஏறத்தாழ 2 சதவீதம், ஐசோஃப்ளூரேனில் 1.2, டெஸ்ஃப்ளூரேனில் 6. வயது ஏற ஏற இந்த அளவு குறையும்.

2. ரத்தக் குழாய் வழி: முதன்மையாக புரோபோஃபால். பால் போல வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அது சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்த குழம்பு. ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். தூங்க வைக்க கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 9 முதல் 15 மில்லி. பிறகு பம்ப் வழியாகத் தொடர்ந்து ஓடும்.

கீட்டமின், எட்டோமிடேட், டெக்ஸ்மெடிடோமிடின் ஆகியவை துணைக்கு வருபவை. பெரும்பாலான ஆபரேஷன்களில் புரோபோஃபாலில் தூங்க வைத்து, வாயுவில் தொடர்வார்கள். ஆகவே ‘கேஸா ஊசியா’ என்பது பல சமயம் இரண்டும்தான்.

காயம் பட்டால் உடம்பு என்ன செய்கிறது

அழற்சி என்பது உடம்பின் பழுதுபார்க்கும் ஏற்பாடு. கத்தி பட்டு உடைந்த செல்களிலிருந்து உள்ளே இருக்க வேண்டிய பொருள்கள் வெளியே கசிகின்றன. அவற்றை எதிர்ப்பு செல்கள் ஆபத்து அறிகுறியாக எடுத்துக்கொண்டு சைட்டோகைன் என்ற தூதுப் புரதங்களை விடுகின்றன: டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-1, ஐஎல்-6, ஐஎல்-8. அடக்குவதற்கு ஐஎல்-10. இவற்றில் ஐஎல்-6 கீறல் விழுந்த சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்குகிறது. அதன் தூண்டுதலில் கல்லீரல் தயாரிக்கும் புரதம்தான் சிஆர்பி. அது இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். பெரிய வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் சிஆர்பி 100க்கு மேல் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நான்காம் நாளும் இறங்காமல் ஏறினால்தான் உள்ளே எங்கோ கசிவோ கிருமியோ என்று தேடுவார்கள்.

இந்த அழற்சி தேவையான அளவில் நின்றால் காயம் ஆறும். அடங்காமல் போனால் நுரையீரலின் நுண்ணறைகளில் நீர் கசியும், சிறுநீரகக் குழல்கள் அடைபடும், ரத்த நாளங்களின் உட்சுவர் பழுதாகும். முழுக்க அடக்கிவிட்டால் கிருமிக்குக் கதவு திறந்து கொடுத்ததாகும். ஆராய்ச்சி முழுக்க இந்த இரண்டு பக்கச் சரிவுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

ரத்தம் திரும்பி வரும்போது நேரும் சேதம்

இதயத்துக்கு பைபாஸ், கல்லீரல் வெட்டு, சிறுநீரக மாற்று ஆகிய மூன்றிலும் ஓர் உறுப்புக்குச் சிறிது நேரம் ரத்தம் நிற்கும், பிறகு திரும்பும். நின்றபோது நேரும் சேதம் ஒரு பங்கு என்றால், திரும்பும்போது நேர்வது இன்னொரு பங்கு. வரிசை இப்படி:

1. ஆக்சிஜன் நின்றதும் செல்லின் எரிபொருளான ஏடிபி தீர்கிறது. உப்புகளை வெளியேற்றும் பம்புகள் நிற்கின்றன. சோடியமும் கால்சியமும் உள்ளே குவிகின்றன. செல் அமிலமாகிறது.
2. ரத்தம் திரும்பியதும் ஆக்சிஜன் வெள்ளமாக வருகிறது. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதைச் சரியாகக் கையாள முடியாமல் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது.
3. அமிலத்தன்மை நீங்கிய அந்தச் சில நிமிடங்களில், கால்சியமும் தீவிர மூலக்கூறுகளும் சேர்ந்து மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஒரு துளையைத் திறக்கின்றன. துளை திறந்தால் செல் சாகும்.
4. செத்த செல்களின் உள்ளடக்கம் வெளியே வந்து, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை இழுத்து, அழற்சியின் இரண்டாம் சுற்றைத் தொடங்குகிறது.

மயக்க மருந்து உறுப்பைக் காக்கும் என்ற வாதம் பெரும்பாலும் மூன்றாம் படியில் நிற்கிறது. அந்தத் துளையை மூடி வைக்க முடியுமா என்பதே கேள்வி.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது

1986இல் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் இதயத் தமனியை ஐந்து நிமிடம் அடைத்து ஐந்து நிமிடம் திறந்தார்கள், நான்கு முறை. பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். முன்பே ‘பழக்கப்பட்ட’ இதயங்களில் செத்த தசையின் அளவு, பழகாதவற்றில் இருந்ததில் கால் பங்குதான். சின்ன அடி வாங்கிய உறுப்பு பெரிய அடியைத் தாங்குகிறது. இதற்கு முன்பதப்படுத்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

1997இல் விஸ்கான்சினில் கெர்ஸ்டன், வார்ல்டியர் குழு, தமனியை அடைக்காமலே ஐசோஃப்ளூரேன் கொடுத்தால் அதே பாதுகாப்பு கிடைப்பதைக் காட்டியது. மருந்து செல்லுக்குள் ஒரு சங்கிலியை இயக்குகிறது: புரோட்டீன் கைனேஸ்-சி என்ற நொதி தூண்டப்பட்டு, ஏடிபியால் கட்டுப்படும் பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன, கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவின் துளை திறப்பது தாமதமாகிறது. பொட்டாசியம் வாயிலை கிளிபென்கிளமைடு கொடுத்து அடைத்தால் பாதுகாப்பும் போய்விடுகிறது. ஆம், சர்க்கரைக்குப் பலர் சாப்பிட்ட அதே மாத்திரைதான். இதை மனதில் வைத்திருங்கள், பிறகு உதவும்.

புரோபோஃபாலுக்கு வேறு கணக்கு. அதன் வேதி வடிவம் வைட்டமின்-ஈயின் வடிவத்தை ஒத்தது. தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை நேரடியாக உறிஞ்சும். ஆய்வுக்கூடத்தில் டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 சுரப்பையும் குறைக்கிறது. ஆக, வாயு ஆதரவாளர்களுக்கு ஒரு வழிமுறை, ஊசி ஆதரவாளர்களுக்கு ஒரு வழிமுறை. இருவர் கையிலும் ஆய்வுக்கட்டுரைக் கட்டு. வழிமுறை மட்டும் போதும் என்றால் சண்டை இன்னும் ஐம்பது வருடம் ஓடும்.

மனித இதயத்தில் சோதித்தபோது

2002இல் பெல்ஜியத்தின் டி ஹெர்ட், பைபாஸ் நோயாளிகள் 20 பேரில் செவோஃப்ளூரேன் பெற்றவர்களின் இதயச் சுருக்கம் நன்றாக இருந்ததையும், இதயத் தசை சிதைவதைக் காட்டும் டிரோபோனின் குறைவாக ஏறியதையும் பதிவு செய்தார். 2007இல் இத்தாலியின் ஜியோவன்னி லாண்டோனி 22 சிறு ஆய்வுகளை, மொத்தம் 1922 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார். வாயு பெற்றவர்களில் இறப்பு குறைவு என்று வந்தது. ‘இதயத்தைக் காக்கும் வாயு’ என்ற பேச்சு பரவியது இதன் பிறகுதான்.

சிறு ஆய்வுகளின் கூட்டுத்தொகையை அவரே நம்பிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும். 13 நாடுகள், 36 மருத்துவமனைகள், 5400 பைபாஸ் நோயாளிகள் என்று பெரிய ஆய்வு ஒன்றை லாண்டோனியே தலைமை ஏற்று நடத்தினார். ‘மிரியட்’ என்ற அந்த ஆய்வு 2019இல் வெளியானது. ஓராண்டு முடிவில் இறந்தவர்கள்: வாயுப் பிரிவில் 2.8 சதவீதம், ஊசிப் பிரிவில் 3.0 சதவீதம். வேறுபாடு இல்லை. திட்டமிட்ட எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதியிலேயே, இனித் தொடர்ந்தாலும் பயன் தெரியப்போவதில்லை என்று நிறுத்தினார்கள்.

நாயிடம் வேலை செய்தது ஏன் மனிதரிடம் செய்யவில்லை? சொல்லத்தக்க காரணங்கள் இவை:

1. வயதும் சர்க்கரையும். ஆய்வுக்கூட விலங்கு இளமையானது, வேறு நோய் இல்லாதது. பைபாஸுக்கு வருபவர் அறுபது கடந்தவர், பெரும்பாலும் சர்க்கரைக்காரர். 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். எல்லைக்கு இந்தப் பக்கம் குமரி மாவட்டத்தில் சாப்பாடும் வாழ்க்கையும் பெரிதாக மாறிவிடுவதில்லை. முதுமையும் உயர்ந்த சர்க்கரையும் முன்பதப்படுத்தலின் சங்கிலியை அறுக்கின்றன. கிளிபென்கிளமைடு அதே பொட்டாசியம் வாயிலை அடைக்கிறது.

2. நோயாளி ஏற்கெனவே பழக்கப்பட்டவர். மாதக்கணக்காக நெஞ்சுவலி வந்து போன இதயம் தன் முன்பதப்படுத்தலைத் தானே செய்துகொண்டிருக்கும். மருந்து கூட்ட அதிகம் மிச்சமில்லை.

3. இதயத்தை நிறுத்தும்போது ஊற்றும் குளிர்ந்த பொட்டாசியக் கரைசல் இப்போது மிக நல்ல பாதுகாப்பைத் தருகிறது. 1.4 சதவீதம் பேர் மட்டுமே ஒரு மாதத்துக்குள் இறக்கும் ஆபரேஷனில் இன்னும் எதைக் குறைப்பது?

4. இரண்டு பிரிவிலும் மற்ற மருந்துகள் கலந்திருந்தன. மார்ஃபின் வகை மருந்துகளுக்கே சிறிது முன்பதப்படுத்தும் குணம் உண்டு.

இதனோடு ஒட்டிய இன்னொரு கதையும் உண்டு. கையில் ரத்த அழுத்தப் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தி, நான்கு முறை செய்தால் தூரத்திலுள்ள இதயம் பழக்கப்படும் என்று எதிர்பார்த்தார்கள். 2015இல் ஒரே இதழில் இரண்டு பெரிய ஆய்வுகள். இரண்டிலும் பயன் இல்லை. இரண்டிலும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெற்றது புரோபோஃபால். பட்டையின் பலனை புரோபோஃபால் அழித்துவிட்டதா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

நுரையீரல்: பயமுறுத்திய செய்தி

இப்போது கைப்பேசிச் செய்திக்கு வருவோம். கடும் நிமோனியா, கிருமிப் பரவல், கோவிட் போன்றவற்றில் நுரையீரல் முழுக்க அழற்சி கண்டு நீர் கோர்ப்பதை ஏஆர்டிஎஸ் என்கிறார்கள். ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தால் ஆரோக்கியமானவருக்கு 400க்கு மேல் வரும். இந்த நோயாளிகளுக்கு 300க்குக் கீழே, நோய் முற்றியவர்களுக்கு 200க்கும் கீழே போய்விடும். வெண்டிலேட்டரில் நாள்கணக்கில் தூங்க வைத்திருக்க வேண்டும்.

2017இல் பிரான்ஸின் ஜபோடோன் குழு இப்படிப்பட்ட 50 பேரில் ஒரு சிறிய சோதனை செய்தது. செவோஃப்ளூரேன் பெற்றவர்களின் ஆக்சிஜன் விகிதம் இரண்டாம் நாள் 205. மிடசோலம் ஊசி பெற்ற பிரிவில் 166. நுரையீரல் நுண்ணறைச் சேதத்தைக் காட்டும் புரதமும், அழற்சித் தூதர்களும் குறைந்திருந்தன. உயிரியல் ரீதியாக எல்லாம் சரியாகப் பொருந்தியது.

அதே குழு பெரிய ஆய்வில் இறங்கியது. 37 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 687 நோயாளிகள், ஏழு நாள் வரை செவோஃப்ளூரேன் அல்லது புரோபோஃபால். முடிவு 2025 மார்ச்சில் வந்தது. 90ஆம் நாளில் உயிரோடு இருந்தவர்கள்: செவோஃப்ளூரேனில் 47.1 சதவீதம், புரோபோஃபாலில் 55.7 சதவீதம். வெண்டிலேட்டர் இல்லாமல் கழிந்த நாள்களும் செவோஃப்ளூரேனில் குறைவு. சிறிய சோதனையில் அழற்சியைக் குறைத்த அதே மருந்தின் பிரிவில்தான் சாவு கூடியிருக்கிறது.

காரணமாக முன்வைக்கப்படுபவை:

1. வெண்டிலேட்டர் குழாயில் மருந்தை ஆவியாக்கச் செருகும் சிறு கருவி தானே இடம் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்திலுள்ள காற்று போய் வருமே தவிர ஆக்சிஜனைச் சேர்க்காது. சின்ன மூச்சில் ஓட வேண்டிய நோயுற்ற நுரையீரலுக்கு அது கூடுதல் சுமை, கரியமிலவாயு தேங்கும்.
2. நாள்கணக்கில் கொடுக்கும்போது செவோஃப்ளூரேனிலிருந்து பிரியும் ஃப்ளூரைடு சேர்கிறது. சிறுநீரகம் நீரைத் தக்கவைக்க முடியாமல் போகும் நிலை தீவிர சிகிச்சையில் பதிவாகியிருக்கிறது.
3. ரத்த நாளங்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது.
4. கிருமியுடன் போரிடும் நேரத்தில் எதிர்ப்பை அடக்குவது லாபமா நட்டமா என்பது நோயின் கட்டத்தைப் பொறுத்தது.

இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வு வடிவமைக்கப்படவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: ஏழு நாள் வெண்டிலேட்டர் தூக்கமும், குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக்கோ இரண்டு மணி நேர மயக்கமும் வேறு வேறு விஷயம். முன்னதன் முடிவைப் பின்னதன் மேல் ஏற்றியதில்தான் கைப்பேசிச் செய்தி பிறந்தது. சாதாரண ஆபரேஷனில் செவோஃப்ளூரேன் மூச்சுக்குழாயைத் தளர்த்துவது. ஆஸ்துமாக்காரருக்குப் பல மருத்துவர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது.

புரோபோஃபாலையும் நாள்கணக்கில் தாராளமாக ஓட்ட முடியாது. கிலோவுக்கு மணிக்கு 4 மில்லிகிராமுக்கு மேல், 48 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மைட்டோகாண்ட்ரியா முடங்கி, தசை கரைந்து, ரத்தம் அமிலமாகி, இதயம் நிற்கும் அரிய நிலை வரக்கூடும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் அதே மருந்துதான் அளவு மீறினால் மைட்டோகாண்ட்ரியாவைக் கொல்கிறது.

மருந்தே உறுப்பைக் கெடுத்த நிஜமான சம்பவங்கள்

மயக்க மருந்தைப் பற்றிய பயம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. வரலாற்றில் மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது ஹாலோத்தேன் என்ற பழைய மயக்க வாயு, கல்லீரல். உடம்பு இதில் ஏறத்தாழ 20 சதவீதத்தைக் கல்லீரலில் உடைக்கிறது. உடைந்த துண்டு கல்லீரல் புரதங்களில் ஒட்டிக்கொள்ள, எதிர்ப்பு சக்தி அவற்றை அந்நியன் என்று தாக்குகிறது. பெரியவர்களில் பல ஆயிரங்களில் ஒருவருக்கே வரும். வந்தால் பாதிக்கு மேல் உயிரிழப்பு. குறுகிய இடைவெளியில் இரண்டாம் முறை கொடுத்தால் ஆபத்து கூடும். ஐசோஃப்ளூரேன் 0.2 சதவீதமும் டெஸ்ஃப்ளூரேன் 0.02 சதவீதமும் மட்டுமே உடைவதால் இந்தப் பிரச்சினை மிக அரிது. செவோஃப்ளூரேன் 3 முதல் 5 சதவீதம் உடைந்தாலும் அதன் துண்டு வேறு வகை.

இரண்டாவது மெத்தாக்ஸிஃப்ளூரேன் என்ற இன்னொரு பழைய வாயு, சிறுநீரகம். 1960களில் இதைப் பெற்றவர்களில் சிலர் லிட்டர் கணக்கில் சிறுநீர் கழித்தார்கள், சிறுநீரகம் செயலிழந்தது. காரணம் ஃப்ளூரைடு, ரத்தத்தில் லிட்டருக்கு 50 மைக்ரோமோல் தாண்டினால் சேதம் என்று கோடு போட்டார்கள். பின்னாளில் ஆபரேஷன் நேர மயக்கத்தில் செவோஃப்ளூரேன் அந்தக் கோட்டைத் தாண்டியும் சிறுநீரகம் கெடவில்லை. மெத்தாக்ஸிஃப்ளூரேன் சிறுநீரகத்துக்குள்ளேயே உடைந்தது, செவோஃப்ளூரேன் பெரும்பாலும் கல்லீரலில் உடைந்து சீக்கிரம் வெளியேறுகிறது என்று பிறகு புரிந்தது. மயக்க இயந்திரத்தில் கரியமிலவாயுவை உறிஞ்ச வைக்கும் சோடா லைமோடு செவோஃப்ளூரேன் சேர்ந்து உண்டாகும் ‘காம்பவுண்ட்-ஏ’ எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. மனிதரில் அப்படித் தெரியவில்லை. எலி முடிவை மனிதருக்கு மாற்றும்போது எதிர்த்திசையிலும் பிழை வரும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது எட்டோமிடேட். இரத்த அழுத்தத்தைக் குலைக்காத அருமையான மருந்து. 1983இல் ஸ்காட்லாந்தில் லெடிங்ஹாம், வாட் இருவரும் விபத்து நோயாளிகளைத் தொடர்ந்து எட்டோமிடேட்டில் வைத்தபோது இறப்பு ஏறியதைக் கவனித்தார்கள். அட்ரீனல் சுரப்பி கார்டிசால் தயாரிக்கும் கடைசிப் படியை இந்த மருந்து அடைக்கிறது. அழற்சியை உடம்பே அடக்கும் கடிவாளம் கார்டிசால். இப்போது ஒரே ஒரு ஊசியாக மட்டும், அதுவும் யோசித்தே தருகிறார்கள்.

அழற்சிக் குறியீடு குறைந்தால் நோயாளி பிழைப்பாரா

பலமுறை சோதிக்கப்பட்ட கேள்வி இது. நேரடியான பதில் ஸ்டீராய்டில் கிடைத்தது. அழற்சியை அடக்குவதில் எந்த மயக்க மருந்தும் அதன் பக்கத்தில் வர முடியாது. 2015இல் இதய ஆபரேஷன் செய்த 7507 பேரில் பாதிப் பேருக்கு 500 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசலோன் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு குறையவில்லை.

மயக்கத் துணை மருந்துகளிலும் இதே நிலைதான். கீட்டமின் ஐஎல்-6ஐக் குறைக்கும். 2017இல் முதியவர்கள் 672 பேரில் கொடுத்தபோது ஆபரேஷனுக்குப் பிந்தைய மனக்குழப்பம் குறையவில்லை, மாயத்தோற்றங்கள் கூடின. டெக்ஸ்மெடிடோமிடின் ஆய்வுக்கூடத்தில் எல்லா உறுப்பையும் காக்கும். 2020இல் இதய ஆபரேஷன் நோயாளிகள் 798 பேரில் மனக்குழப்பமும் இதயத் துடிப்புத் தாறுமாறாவதும் குறையவில்லை. மார்பகப் புற்றுநோயில் புரோபோஃபாலும் நரம்புத் தடுப்பும் சேர்த்தால் நோய் திரும்பாது என்ற எதிர்பார்ப்பை 2019இல் 2132 பெண்களிடம் சோதித்தார்கள்; இரு பிரிவிலும் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. கல்லீரலில் மட்டும் சற்றுக் கலவையான நிலை: 2008இல் சூரிச்சில் கல்லீரல் வெட்டு நோயாளிகள் 64 பேரில் செவோஃப்ளூரேன் பயன் தந்தது, பின்னர் அதே குழு கல்லீரல் மாற்றில் சோதித்தபோது வேறுபாடு தெரியவில்லை.

ஆய்வுக்கூட அளவுகளில் ஒரு பொறியும் இருக்கிறது. ரத்தத்தில் புரோபோஃபால் 97 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்வது ஒட்டாத மிச்சம்தான். புரதமில்லாத கண்ணாடித் தட்டில் செல்களின் மேல் அதே அளவை ஊற்றினால் பல மடங்கு வீரியத்தில் இயங்கும். கட்டுரையில் இரண்டு எண்ணும் ஒன்றாகத் தெரியும். உண்மையில் முன்னது பாயசத்தில் போட்ட சர்க்கரை, பின்னது வாயில் நேரே கொட்டிய சர்க்கரை.

அப்படியானால் எது காக்கிறது

மருந்தின் பெயரைவிட, அதைக் கொடுக்கும்போது உறுப்புக்கு ரத்தம் போகிறதா என்பதற்கே வலுவான சான்று இருக்கிறது. சராசரி ரத்த அழுத்தம் எளிய கணக்கு: கீழ் எண்ணுடன், இரண்டு எண்களின் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 80/42 என்றால் ஏறத்தாழ 55. கிளீவ்லாந்தில் 33,330 ஆபரேஷன்களைப் பரிசீலித்து 2013இல் வெளியான ஆய்வில், சராசரி 55க்குக் கீழே சில நிமிடம் இறங்கியவர்களிடமே சிறுநீரக, இதயச் சேதம் கூடியிருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபிப்பதல்ல. அழுத்தத்தை 60க்குப் பதிலாக 80க்கு மேல் தள்ளிப் பிடிப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று பிறகு வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. விழவிடக்கூடாது, ஏற்றிப் பிடிக்கவும் வேண்டாம்.

சிறுநீரகச் சேதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும்: சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 48 மணி நேரத்தில் 0.3 ஏறுதல், அல்லது ஏழு நாளில் ஒன்றரை மடங்காதல், அல்லது ஆறு மணி நேரம் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் குறைவாகச் சிறுநீர். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. கிரியேட்டினின் 0.9இலிருந்து 1.3 ஆனால், "நார்மலுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லிவிட முடியாது. பழைய அறிக்கை கையில் இருந்தால்தான் இந்த ஏற்றமே தெரியும்.

இடுப்பு எலும்பு முறிந்த முதியவருக்கு முழு மயக்கமா, முதுகில் ஊசியா என்பதும் எல்லா ஊரிலும் நடக்கும் விவாதம். 2021இல் 1600 பேரில் ஒப்பிட்டபோது, 60 நாளில் இறந்தவர்கள் அல்லது நடக்க முடியாமல் போனவர்கள் முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18.0 சதவீதம். மயக்க முறைக்காக ஆபரேஷனை இரண்டு நாள் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை.

மயக்க மருத்துவரைப் பார்க்கும் நாளில் சொல்ல வேண்டியவை

1. பழைய மயக்கப் பதிவு. முன்பு மயக்கம் கொடுத்தபின் மஞ்சள் காமாலை வந்ததா, விளங்காத கடுங்காய்ச்சல் வந்ததா, குடும்பத்தில் யாராவது மேசையிலேயே ஆபத்தாகிப் பிழைத்தார்களா? கடைசிக் கேள்வி மரபுவழி வரும் அதிவெப்பநிலைக் கோளாறுக்கானது. அந்தக் குடும்பத்துக்கு வாயுவும், தசையைத் தளர்த்தும் சக்சமித்தோனியம் என்ற ஊசியும் தடை, புரோபோஃபால் பாதுகாப்பானது. ‘கேஸா ஊசியா’ என்பது நிஜமாகவே உயிர் பிரச்சினையாகும் இடம் இதுதான். நாகர்கோவிலில் செய்த முதல் ஆபரேஷனின் விவரம் திருவனந்தபுரத்துக் கணினியில் இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு மயக்கப் பதிவின் நகலையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள்.

2. சர்க்கரை மாத்திரையின் பெயர். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியில் சர்க்கரை அளவு ஏறாமலே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. குளுக்கோமீட்டர் அதைக் காட்டாது. எப்போது நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

3. வலி மாத்திரை. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக்கைத் தினமும் போடுபவரின் சிறுநீரகம், அழுத்தம் இறங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளும் வழியை ஏற்கெனவே இழந்திருக்கும்.

4. கஷாயம், அரிஷ்டம், லேகியம், வர்ம வைத்தியரிடம் வாங்கிய பொடி. வெட்கப்பட்டு மறைத்தால், ஆபரேஷனுக்குப் பின் ஏறும் கல்லீரல் நொதிக்கு மயக்க மருந்து வீணாகப் பழி சுமக்கும். நிஜக் காரணம் தொடரும்.

5. பிலிம்பிக்காய்ச் சாறு. எல்லைக்கு அந்தப் பக்கம் இரும்பன் புளி. மீன் குழம்பில் போடும் அளவால் பிரச்சினையில்லை. கொழுப்பு குறையும் என்று பச்சையாகப் பிழிந்து தொடர்ந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதிலுள்ள ஆக்சலேட் படிகமாகச் சிறுநீரகக் குழல்களை அடைக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் இது நடந்துகொண்டிருந்தால், எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் சிறுநீரகம் பாதி வழியில்தான் நிற்கும்.

6. பீடி, சிகரெட். எட்டு வாரம் நிறுத்தினால் நல்லது. முடியாவிட்டால் ஒரு நாளாவது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்திருக்கும் கார்பன் மோனாக்சைடு ஒரு நாளுக்குள் பெருமளவு இறங்கிவிடும்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வாயுவையும் ஊசியையும் ஆயிரக்கணக்கானோரில் ஒப்பிடும் ஆய்வுகள் நடக்கின்றன. அவை முதன்மையாக அளப்பது ஐஎல்-6ஐ அல்ல. ஆபரேஷனுக்குப் பின் நோயாளி எத்தனை சீக்கிரம் தேறினார், வீட்டில் எத்தனை நாள் நலமாக இருந்தார் என்பவற்றை அளக்கின்றன. முடிவுகள் வரும்போது தலைப்பில் "அழற்சி குறைந்தது" என்று மட்டும் இருந்தால், எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள் என்று உள்ளே தேடுங்கள்.